ஓர் ஊருக்கு இரண்டு தலைவர்கள்

2018-ம் வருஷம் ஜூன் மாதக் கடைசியில் உலகம் முழுவதும் ஒரு குகையின் வாயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். தாய்லாந்தின் வடகோடியில், சியாங்ராய் ஜில்லாவில், தாம் லுவாங் என்னும் குகைக்குள் பந்தாட்டச் சிறுவர் பன்னிருவரும் அவர்களுடைய ஆசிரியர் ஒருவரும் மழை வெள்ளத்தில் அகப்பட்டுக்கொண்டார்கள். ஜூலை 10-ந் தேதிக்குள் பதின்மூன்று பேரும் உயிரோடு வெளியே கொண்டுவரப்பட்டார்கள். அந்த முயற்சியில் முக்குளிப்பு வீரர் ஒருவர் தமது உயிரைக் கொடுத்தார்.

அந்த நாட்களில் மீட்பு வேலைக்குத் தலைமை வகித்து, குகை வாசலில் நின்று உலகத்துக்குச் செய்தி சொன்னவர் ஜில்லா கவர்னர் நரோங்சக் ஒசத்தனகோர்ன். கடற்படை, தரைப்படை, வெளிநாட்டு நிபுணர்கள், உள்ளூர்த் தொண்டர்கள் ஆகிய எல்லோரையும் ஒரு நூலில் கோத்து நடத்தினார். ஆனால் அவர் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மீட்பு வேலை நடந்துகொண்டிருந்த சமயத்திலேயே அவர் அடுத்த ஜில்லாவான பயாவுக்கு மாற்றலாகிவிட்டார்! குகை வேலை முடியும் வரையில் தலைமை அவரிடமே விடப்பட்டது என்பது நல்ல காலந்தான். ஆயினும் சியாங்ராய் ஜனங்கள் அவரை வேண்டுமென்று அழைக்கவும் இல்லை. போகட்டும் என்று அனுப்பவும் இல்லை. அவரை அனுப்பியதும் பாங்காக், எடுத்துக்கொண்டதும் பாங்காக்.

அதே சமயத்தில் குகைக்குக் கீழே வேறொரு காரியம் நடந்தது. குகையிலிருந்து இறைத்துக் கொட்டிய தண்ணீர் பக்கத்துக் கிராமத்து நெல் வயல்களில் பாய்ந்து பயிரை மூழ்கடித்தது. “குழந்தைகள் பிழைத்தால் போதும், பயிர் போனால் மறுபடி நடலாம்” என்ற எண்ணத்துடன் குடியானவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். நஷ்ட ஈடு வேண்டாமென்று சொன்னவர்களும் பலர்.

மேலேயிருந்து இறங்கி வந்த அதிகாரம் ஒன்று. கீழே மண்ணிலிருந்து எழுந்த ஊர் மனம் ஒன்று. இவ்விரண்டும் குகை வாசலில் கைகோத்தன. ஆனால் தாய்லாந்தின் ஊராட்சியில் இவை எப்பொழுதும் இவ்விதம் கைகோத்து நடப்பதில்லை. ஒன்றையொன்று சந்தேகக் கண்ணோடு பார்த்துக்கொண்டு ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

மேலிருந்து இறங்கும் ஏணி

தாய்லாந்து, பாங்காக் மாநகரம் நீங்கலாக, எழுபத்தாறு ஜில்லாக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஜில்லாவுக்கு அவர்கள் பாஷையில் ‘சாங்வத்’ என்று பெயர். சாங்வத்துக்கு ஒரு கவர்னர். பெயர்தான் கவர்னரே தவிர, நம் நாட்டுக் கலெக்டரைப் போன்றவர் என்று எண்ணிக்கொள்வது பொருந்தும். உள்நாட்டு மந்திரி இலாகாவின் உத்தியோகஸ்தர் அவர். தாய் மொழியில் அவருடைய பதவிப் பெயரிலேயே ‘ராஜகாரியம்’ என்ற சொல் அடங்கியிருக்கிறது. ராஜகாரியம் பார்க்க வந்தவர், அறுபது வயதில் ஓய்வு பெறுகிற வரையில் ஜில்லாவுக்கு ஜில்லா மாற்றலாகிக்கொண்டிருப்பார்.

சாங்வத்துக்குக் கீழே ‘அம்பே’ என்னும் பிரிவு. நம் தாலுகாவை ஒத்தது. நாடு முழுவதிலும் 878 அம்பேக்கள் இருக்கின்றன. அவற்றின் அதிகாரிகளையும் பாங்காக்கே நியமிக்கிறது. அம்பேக்குக் கீழே ‘தம்பொன்’. பல கிராமங்கள் சேர்ந்தது ஒரு தம்பொன். இவை ஏழாயிரத்துக்கு மேல். கிராமங்களோ ஏறக்குறைய 75,000.

இந்த ஏணியின் கடைசிப் படியில்தான் முதல் முறையாகத் தேர்தல் தலைகாட்டுகிறது. கிராமத் தலைவருக்குப் ‘பூயாய்பான்’ என்று பெயர். ஊர்ப் பெரியவர் என்று அர்த்தம். அவரைக் கிராமத்து ஜனங்கள் வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்களுக்குள் ஒருவர் தம்பொன் முழுவதற்கும் தலைவராகிறார், அவர் ‘கம்னான்’. பொழுது விடிந்ததும் ஒலிபெருக்கி மூலம் சர்க்கார் அறிவிப்புக்களை வாசிப்பதும், பிறப்பு இறப்புக்களைத் தெரிவிப்பதும், வரப்புச் சண்டையையும் வேலிச் சண்டையையும் சமரசம் செய்வதும் இவர்கள் வேலை. பெண்கள் இப்பதவிகளுக்கு வரலாம் என்று சட்டம் இடங்கொடுத்தது 1982-ல்தான்.

ஊரார் தேர்ந்தெடுத்தவர் ஊராரின் மனிதர் அல்லவா என்று நாம் நினைப்போம். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட மறுநாள் முதல் அவர் உள்நாட்டு இலாகாவின் ஏணியில் ஒரு படி. காக்கி உடுப்பு அணிந்து, அம்பே ஆபீஸில் நடக்கும் கூட்டத்துக்குப் போய், உத்தரவு பெற்று வருகிறார். 1992-ல் இப்பதவிக்கு ஐந்து வருஷக் கெடு விதித்தார்கள். 2008-ல் அந்தக் கெடுவை எடுத்துவிட்டு, அறுபது வயது வரையில் இருக்கலாம் என்று பழையபடி ஆக்கிவிட்டார்கள். ஒரு தடவை வோட்டு வாங்கினால் போதும். பிறகு வோட்டர்களை விட மேலதிகாரியின் முகத்தைப் பார்த்து நடப்பதே சௌகரியம்.

ஊரைத் தின்ற காலம்

இந்த ஏணியை யார், எதற்காகச் செய்தார்கள்? அதற்குச் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய காலத்துக்குப் போகவேண்டும்.

பழைய சயாம் தேசத்தில் தூர தூர ஊர்களைப் பரம்பரைப் பிரபுக்கள் ஆண்டு வந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஊரில் கிடைக்கும் வரியிலும் காணிக்கையிலும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தலைநகருக்கு அனுப்பினார்கள். அந்த ஆட்சிக்கு ஜனங்கள் வைத்திருந்த பெயர் ‘கின் மூவாங்’. அதாவது, ஊரைத் தின்பது! சொல்லுக்கும் செயலுக்கும் இவ்வளவு பொருத்தம் வேறெங்கும் காண்பது அரிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சயாமுக்குப் பெரிய கண்டம் வந்தது. மேற்கே பர்மாவை ஆங்கிலேயர் விழுங்கிவிட்டார்கள். கிழக்கே பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவைப் பிடித்துக்கொண்டார்கள். 1893-ல் பிரெஞ்சுப் பீரங்கிக் கப்பல்கள் பாங்காக் ஆற்றுக்குள்ளேயே புகுந்துவிட்டன. மெக்காங் நதிக்குக் கிழக்கேயுள்ள லாவோஸ் நாட்டைச் சயாம் இழக்க நேர்ந்தது. ஊரைத் தின்னும் பிரபுக்களை நம்பியிருந்தால் மிச்சமிருப்பதும் போய்விடும் என்று சூலாலங்கோர்ன் மன்னர் உணர்ந்தார்.

அவர் இளம் பிராயத்தில் சிங்கப்பூருக்கும் ஜாவாவுக்கும் போய், 1872-ல் இந்தியாவிலும் சுற்றுப்பிரயாணம் செய்தவர். அன்னியர் ஓரிடத்தில் இருந்துகொண்டு கோடிக்கணக்கான ஜனங்களை எப்படி ஆளுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவர். அன்னியரைத் தம் தேசத்தில் நுழையவிடாமல் தடுப்பதற்கு அன்னியரின் நிர்வாக முறையிலிருந்தே பாடம் கற்றுக்கொண்டார்! 1892-ல் தம் சகோதரரான தம்ரோங் இளவரசரை உள்நாட்டு மந்திரியாக்கினார். இளவரசர் 1915 வரையில் அப்பதவியில் இருந்து, நாட்டை மண்டலங்களாகப் பிரித்து, சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தர்களை அனுப்பி, பிரபுக்களின் கையிலிருந்து ஊர்களை ஒவ்வொன்றாக மீட்டார். மண்டலத்துக்கு அங்கே ‘மொந்தொன்’ என்று பெயர். அந்த ஏற்பாடு முழுவதற்கும் ‘தேசாபிபான்’ என்று பெயர். ‘தேசம்’ என்ற நமக்குத் தெரிந்த சொல்தான் அதன் தலைப்பில் நிற்கிறது.

கிராமத்துத் தலைவரை ஜனங்களே தேர்ந்தெடுக்கும் முறையை 1892-ல் பாங் பா-இன் என்னும் இடத்தில் பரீட்சை பார்த்தவரும் தம்ரோங் இளவரசர்தான். 1914-ம் வருஷத்து ஸ்தல நிர்வாகச் சட்டம் அந்த முறையை நாடெங்கும் உறுதிப்படுத்தியது. பல திருத்தங்களுக்குப் பிறகும் கம்னானும் ஊர்ப் பெரியவரும் அந்தச் சட்டத்தின் கீழேதான் இருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு தேசத்தைக் காப்பாற்றியது என்பதில் சந்தேகமில்லை. தென்கிழக்கு ஆசியாவில் ஐரோப்பியர் ஆட்சிக்கு உட்படாமல் தப்பிய நாடு சயாம் ஒன்றுதான். ஆனால் அதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1902-ம் வருஷம் ஒன்றிலேயே வடகிழக்கில் சாமியார்கள் தலைமையில் ஒரு கலகம். வடக்கே ப்ரே நகரில் ஷான்கள் கலகம். தெற்கே மலாய் முஸ்லிம்களின் பட்டானி ராஜா சிறைப்பட்டார். அந்தத் தென் ஜில்லாக்களின் மனக்குறை நூறு வருஷத்துக்குப் பின்பும் ஆறவில்லை. 2004-க்குப் பிறகு அங்கே மூண்ட கலவரத்தில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டிருக்கிறார்கள். அந்தக் கலவரத்துக்குக் காரணம் பல. எங்கோ இருந்து வந்த, தங்கள் பாஷை தெரியாத உத்தியோகஸ்தர் தங்களை ஆளுகிறார் என்பதும் அவற்றில் ஒன்று.

குப்பையில் பிறந்த சுயாட்சி

ஏணி மேலிருந்து இறங்கிய கதை இது. கீழிருந்து முளைத்த கதை ஒன்றும் உண்டு. அது முளைத்த இடம் ஒரு குப்பைமேடு.

பாங்காக்குக்குத் தென்மேற்கே, தாச்சின் நதி கடலில் கலக்குமிடத்தில் தா சலோம் என்று ஒரு மீன்பிடி ஊர் இருக்கிறது. அந்தக் காலத்தில் அதன் கடைவீதி சேறும் நாற்றமுமாக இருந்தது. ஒரு சமயம் சூலாலங்கோர்ன் மன்னர் வேறோர் ஊரின் அசுத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது, “தாச்சின் சந்தையைப் போல ஆபாசமாயிருக்கிறது” என்ற கருத்தில் குறிப்பிட்டுவிட்டார். ராஜாவின் வாயில் ஊர்ப் பெயர் இப்படி விழுந்துவிட்டதே என்று ஊராருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லோருமாகக் கூடிப் பணம் சேர்த்தார்கள். கடைவீதிக்குச் செங்கல் பாவினார்கள். 1906 மார்ச் 18-ந் தேதி மன்னரே வந்து அந்த வீதியைத் திறந்துவைத்தார்.

அத்துடன் நின்றிருந்தால் அது ஒரு நல்ல கதையாக முடிந்திருக்கும், சரித்திரமாகியிராது. மன்னர் செய்த ஏற்பாடுதான் முக்கியமானது. அந்த ஊர்க் கடைகளிலிருந்து வசூலாகும் கட்டட வரியை அந்த ஊருக்கே விட்டுவிடும்படி உத்தரவிட்டார். வீதியைச் செப்பனிடவும், குப்பை வாரவும், இரவில் விளக்கேற்றவும் அந்தப் பணம். அதைச் செலவிட ஒரு குழு. அதில் கம்னானும் ஊர்ப் பெரியவர்களும். இந்த ஸ்தாபனத்துக்குச் ‘சுகாபிபான்’ என்று பெயர் வைத்தார்கள். சுகத்தைப் பேணுவது என்று பொருள். பாங்காக்கில் இதற்கு முன்பே ஒரு சுகாபிபான் ஏற்பட்டிருந்தது உண்மைதான். ஆனால் அதை நடத்தியவர்கள் உத்தியோகஸ்தர்கள். தலைநகருக்கு வெளியே, ஊராரின் கையில் ஊர்ப் பணத்தைக் கொடுத்த முதல் இடம் தா சலோம். இன்றும் தாய்லாந்தில் மார்ச் 18-ந் தேதியை ஸ்தல ஆட்சித் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

பொம்மை நகரமும் மெய் நகரமும்

அடுத்து வந்த வஜிராவுத் மன்னருக்கு ஒரு விநோதமான ஆசை தோன்றியது. 1918-ல் அரண்மனைத் தோட்டத்தில் துசித் தானி என்னும் ஒரு பொம்மை நகரத்தை அமைத்தார். சின்னஞ்சிறு மாளிகைகள், கோயில்கள், தெருக்கள், வாய்க்கால்கள். அதற்கு ஒரு நகரசபைச் சட்டம், கட்சிகள், தேர்தல், பத்திரிகைகள் கூட உண்டு. பிரபுக்களும் அரண்மனை உத்தியோகஸ்தர்களும் அதன் குடிமக்கள். ஜனநாயகம் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து அங்கேயே நின்றது. அடுத்த மன்னர் காலத்தில் மெய்யான நகரசபைகளுக்குச் சட்டம் நகல் செய்யப்பட்டது. அது காகிதத்தை விட்டு இறங்குவதற்குள் 1932 ஜூன் 24-ந் தேதிப் புரட்சி வந்துவிட்டது.

புரட்சிக்காரர்கள் 1933-ல் நகரசபைச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். நகரசபைக்குத் ‘தேசபான்’ என்று பெயர். தேசபான்களின் தலைவருக்குத் ‘தேசமொந்திரி’ நாயகர் என்று பட்டம். மொந்திரி என்பது நம் மந்திரிதான். தம்பொன்கள் அனைத்தையும் காலக்கிரமத்தில் தேசபான் ஆக்கிவிடவேண்டும் என்பது அவர்கள் கனவு. ஆனால் பணமும் இல்லை, மனமும் இல்லை. பத்து வருஷங்களுக்குப் பிறகும் தேசபான்களின் தொகை நூற்றுச் சொச்சத்துடன் நின்றது. 1955-ல் ஜில்லாதோறும் ஒரு சபை ஏற்படுத்தினார்கள். அதற்குத் தலைவர் யார் தெரியுமா? பாங்காக் அனுப்பிய கவர்னரேதான்! அந்த வேடிக்கை 1997 வரையில் நீடித்தது.

ஒரே வீட்டில் இருவர்

1992-ம் வருஷம் மே மாதத்தில் பாங்காக் வீதிகளில் ராணுவத் தலைமையை எதிர்த்து ஜனங்கள் இரத்தம் சிந்தினார்கள். அதன் பிறகு நடந்த தேர்தலில், “ஜில்லா கவர்னரையும் ஜனங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்” என்ற கோஷம் எழுந்தது. உள்நாட்டு இலாகா அதற்கு இசையவில்லை. பதிலாக 1994-ல் தம்பொன்களுக்கு ஒரு சபை வழங்கும் சட்டம் வந்தது. ஜனங்கள் அதன் நீண்ட பெயரைச் சுருக்கி ‘ஓ-போ-தோ’ என்று மூன்று எழுத்தில் அழைக்கிறார்கள். 1997-ம் வருஷத்து அரசியல் சட்டம் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு மேலும் உயிர் கொடுத்தது. 2003-க்குப் பிறகு சபை அங்கத்தினர்களை மட்டுமின்றி, சபைத் தலைவரான நாயகரையும் ஜனங்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இப்பொழுது கணக்கைப் பாருங்கள். ஜில்லாவுக்கு ஒன்றாக 76 ஜில்லா சபைகள். பெரியதும் நடுத்தரமும் சிறியதுமாகச் சுமார் 2,400 தேசபான்கள். சுமார் 5,300 தம்பொன் சபைகள். இவற்றுடன் தனிச் சட்டமுள்ள பாங்காக் மாநகரமும், 1978 முதல் தனி நகராயிருக்கும் பட்டாயாவும். பெரிய நகரசபை எல்லைக்குள் கம்னான் பதவி கிடையாது. ஆனால் கிராமப்புறத்தில் இரண்டும் உண்டு.

ஆகவே ஒரு தம்பொனில் இரண்டு தலைவர்கள். கம்னான் ஒருவர், நாயகர் ஒருவர். கம்னான் அறுபது வயது வரையில். நாயகர் நான்கு வருஷம். கம்னானிடம் இருப்பது உத்தரவு. நாயகரிடம் இருப்பது ரோடு, சாக்கடை, குப்பை வண்டி, குழந்தைகள் பள்ளி. மழைக்குப் பாலம் உடைந்தால் குடியானவன் யாரிடம் போவான்? கம்னான், “அது நாயகரின் பொறுப்பு” என்பார். நாயகர், “பணம் வரவில்லை” என்பார்.

பணம் வராததும் உண்மைதான். 1999-ம் வருஷத்து அதிகாரப் பரவல் சட்டம், சர்க்கார் வருமானத்தில் நூற்றுக்கு 35 பங்கு 2006-க்குள் ஸ்தல ஸ்தாபனங்களுக்குச் சேரவேண்டும் என்று விதித்தது. கெடு வந்ததும் கெடுவையே எடுத்துவிட்டார்கள். நூற்றுக்கு 25-க்குக் குறையாமல் கொடுத்தால் போதும் என்று திருத்தினார்கள். 35 என்பது பழைய வாக்குறுதியாகவே நிற்கிறது. கொடுப்பதிலும் பெரும் பகுதி பாங்காக் வசூலித்துப் பங்கிடும் வரியும், இன்ன காரியத்துக்கென்று எழுதிக் கொடுக்கும் மானியமுந்தான். ஸ்தல ஸ்தாபனங்கள் தாமே வசூலிப்பது அவற்றின் வரவில் பத்தில் ஒரு பங்கு அளவே. அதையும் இஷ்டப்படி செலவிட முடியாது. தம்பொன் சபையின் வரவு செலவுத் திட்டத்துக்கு அம்பே அதிகாரியின் சம்மதம் வேண்டும். ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபை தீர்மானித்ததை, ஜனங்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர் கையெழுத்திட்டால்தான் செல்லுபடியாகும்.

நியாயத்தின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். நாயகர்கள் எல்லோரும் உத்தமர்கள் அல்ல. பல ஜில்லாக்களில் ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சபைகளைக் கைக்குள் வைத்திருக்கிறது. அத்தகைய குடும்பத்துக்கு ஜனங்கள் ‘பான் யாய்’, பெரிய வீடு, என்று பெயரிட்டிருக்கிறார்கள். வோட்டுக்குப் பணம் கொடுப்பதும், ரோடு கண்டிராக்டுக்காகப் பகை மூள்வதும் அங்கே தெரியாத சங்கதிகள் அல்ல. “பார்த்தீர்களா? கிராமத்தாரிடம் பெட்டிச் சாவியைக் கொடுத்தால் இதுதான் கதி” என்று உள்நாட்டு இலாகா சொல்கிறது. ஆனால் ஊரைத் தின்ற பழைய பிரபுக்களை எந்தக் கிராமத்தாரும் தேர்ந்தெடுக்கவில்லை அல்லவா?

பூட்டிக் கிடந்த வோட்டுப் பெட்டி

இரண்டு தலைவர்களில் உண்மையில் பலசாலி யார் என்பதை 2014-ம் வருஷம் காட்டிற்று. மே 22-ந் தேதி ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஜூலை மாதத்தில் ஸ்தலத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. பதவிக்காலம் முடிந்த பிறகும் நாயகர்கள் பலர், ஜனங்களின் வோட்டினால் அல்ல, ராணுவத்தின் அனுமதியினால் நாற்காலியில் நீடித்தார்கள். 2016-ல் பாங்காக்கின் தேர்ந்தெடுக்கப்பட்ட கவர்னரை ஓர் உத்தரவில் நீக்கி, வேறொருவரை நியமித்தார்கள். இத்தனை வருஷங்களிலும் கம்னானின் ஒலிபெருக்கி ஒரு நாளும் ஓயவில்லை. ஏணி அப்படியே இருந்தது. முளைத்த செடியைத்தான் மூடி வைத்தார்கள்.

ஜில்லா சபைகளுக்கு 2020 டிசம்பரிலும், தேசபான்களுக்கு 2021 மார்ச்சிலும், தம்பொன் சபைகளுக்கு அவ்வருஷம் நவம்பரிலும் மறுபடி தேர்தல் நடந்தது. பாங்காக்கின் முறை 2022 மே 22-ந் தேதி வந்தது. ராணுவப் புரட்சி நடந்து சரியாக எட்டு வருஷம். நாட்டில் ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் கவர்னர் பாங்காக்குக்கு மட்டுமே உண்டு. அந்த உரிமையும் 1975-ல் கிடைத்து, 1977-ல் பறிபோய், 1985-ல் திரும்பி வந்தது. 2022-ல் சட்சாட் சித்திபந்து என்பவர் 13 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்ட வோட்டுக்கள் பெற்று வெற்றியடைந்தார். அந்நகரத்தில் அதுவரை யாருக்கும் அவ்வளவு வோட்டு விழுந்ததில்லை.

பாங்காக்வாசிக்குக் கிடைத்த உரிமை தங்களுக்கு ஏன் இல்லை என்று சியாங்மாய் முதலிய ஜில்லாவாசிகள் நெடுநாளாகக் கேட்டுவருகிறார்கள். வருஷந்தோறும் கோடையில் சியாங்மாயைப் புகை மூடுகிறது. மூச்சு விடுவது கஷ்டமாகிறது. காட்டுத் தீ எந்தப் பள்ளத்தாக்கில் எழும் என்பதைக் கவர்னர் தெரிந்துகொள்வதற்குள் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிடக்கூடும் என்பது அவர்களுடைய குறை. ஸ்தல ஸ்தாபனங்களுக்கு மிகுந்த அதிகாரம் கொடுத்து அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுமென்று ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மசோதா ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தது. 2022 டிசம்பரில் அது நிராகரிக்கப்பட்டது. ஆயினும் காரியம் அடியோடு நின்றுவிடவில்லை. அவ்வருஷம் அக்டோபர் முதல் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கிராம ஆஸ்பத்திரிகள் சுகாதார மந்திரி இலாகாவிடமிருந்து ஜில்லா சபைகளின் வசம் மாறியிருக்கின்றன.

தேசத்தைக் காப்பதற்காகக் கட்டிய ஏணியை ஒரே நாளில் பிரித்து எறிந்துவிட முடியாதுதான். குகையில் அகப்பட்ட குழந்தைகளை மீட்பதற்கு அந்த ஏணியும் பயன்பட்டது. ஆனால் அன்றாடம் மீட்கப்படவேண்டிய விஷயங்கள் வேறு இருக்கின்றன. உடைந்த பாலம், தேங்கிய சாக்கடை, புகை மண்டிய வானம், மருந்தில்லாத ஆஸ்பத்திரி. இவற்றுக்கு அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊரிலேயே இருந்து, நாளைக்கும் அதே வீதியில் நடந்து போய் ஜனங்களுக்குப் பதில் சொல்லவேண்டியவர் ஒருவர் வேண்டும். அவர் கையில் பணமும் வேண்டும்.

சூலாலங்கோர்ன் மன்னர் சர்வாதிகாரம் உள்ள அரசர். அவர் ஓர் உத்தரவு போட்டே தா சலோம் வீதியைச் சுத்தம் செய்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், ஊரார் கொடுத்த வரியை ஊராரிடமே திருப்பிக் கொடுத்து, “உங்கள் வீதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று விட்டார். நூற்றிருபது வருஷங்களுக்குப் பிறகு தாய்லாந்தின் ஏழாயிரத்துச் சொச்சம் ஸ்தல ஸ்தாபனங்களும் பாங்காக்கைப் பார்த்துக் கேட்பது அதற்கு மேல் ஒன்றுமில்லை.